எட்ட நின்ற ஹோட்டல்

இலங்கையில் தம்புள்ளைக்குப் பக்கத்தில் உள்ள கண்டலம குளத்தின் கரையில் நின்று எதிர்ப்பக்கம் பார்த்தால் அங்கே ஒரு ஹோட்டல் இருப்பது சட்டென்று பிடிபடாது. கீழே காடு, அதற்கு மேலே கருத்த பாறை, பாறையின் இடுப்பில் ஒட்டினாற்போல் நீளமாக ஒரு பச்சை வரி. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் அந்த வரிக்குள் தளங்களும் தூண்களும் ஒவ்வொன்றாகத் தெரிய வரும். இத்தனைக்கும் அது சின்னக் குடில் அல்ல. 152 அறைகள், ஏழு தளங்கள், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்.

‘இயற்கையோடு இயைந்த தங்குமிடம்’ என்று விளம்பரத்தில் படித்ததும் நம் மனதில் ஓடுகிற படம் வேறு. கீற்றுக் கூரை, சுட்ட ஓடு, வாசலில் உருளி நிறையப் பூ, காரைக்குடிப் பக்கம் இடித்த வீட்டிலிருந்து வாங்கி வந்த மரத்தூண் இரண்டு. கண்டலமவில் இதெல்லாம் கிடையாது. கான்கிரீட் சட்டகம், தட்டையான மொட்டைமாடி, மெருகேற்றிய சிமெண்ட் தரை. வரைபடத்தை மட்டும் காட்டினால் ஏதோ அரசாங்க அலுவலகம் என்று நினைக்க இடமுண்டு. ஆனாலும் நிலத்தோடு பொருந்திய ஹோட்டலுக்கு உதாரணம் கேட்டால், ஆசியாவின் கட்டடக் கலைஞர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் இது ஒன்று. கூரைக்கு என்ன போட்டார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் இதன் காரணம் விளங்காது. பென்சிலைக் கையில் எடுக்கும் முன்பே எடுத்த ஒரு முடிவில் பாதி வேலை முடிந்துவிட்டது.

1991-இல் இலங்கையின் எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் தம்புள்ளை வட்டாரத்தில் ஒரு பெரிய ஹோட்டல் கட்ட நினைத்து ஜெஃப்ரி பாவாவை அழைத்தது. அவருக்கு அப்போது வயது எழுபதுக்கு மேல். வக்கீலாகத் தொழில் தொடங்கி, அது பிடிக்காமல் லண்டனில் கட்டடக் கலை படித்து, 1957-இல் தம் 38-ஆவது வயதில் தகுதி பெற்றவர். 1982-இல் திறக்கப்பட்ட கோட்டே நாடாளுமன்றக் கட்டடம் உட்பட இலங்கையின் முக்கியமான பல கட்டடங்கள் அவர் கையில் உருவானவை. தமிழ்நாட்டிலும் அவர் கை பட்ட இடங்கள் உண்டு: எழுபதுகளில் மதுரை கிளப்பை வடிவமைத்தார், சென்னை கன்னிமரா ஹோட்டலைப் புதுப்பித்தார். அவருடைய அலுவலகத்தில் நெடுங்காலம் கூட்டாளியாக இருந்த பொறியாளர் பூலோகசுந்தரம் ஒரு தமிழர்.

நிறுவனம் மனதில் வைத்திருந்த இடம் சிகிரியாவின் அடிவாரம். வியாபாரக் கணக்கில் அது நியாயமான ஆசைதான். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் கோட்டை கட்டிய பாறை, 1982 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம், இலங்கைக்கு வரும் வெளிநாட்டவர் பெரும்பாலும் தவறவிடாத இடம். ஜன்னலைத் திறந்தால் பாறை என்று விற்கலாம். பாவா அந்த இடம் வேண்டாம் என்றார். ஹெலிகாப்டரில் வட்டாரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கண்டலம குளத்தின் கரையில் ஒரு பாறைச் சரிவைக் காட்டினார். சிகிரியாவிலிருந்து அது சுமார் பத்து கிலோமீட்டர்.

இந்தப் பத்து கிலோமீட்டரில்தான் அவருடைய வடிவமைப்பே இருக்கிறது என்பேன். அடிவாரத்தில் ஹோட்டல் வந்திருந்தால் அங்கே தங்குபவர் கழுத்தை வளைத்துப் பாறையைப் பார்ப்பார். மற்ற எல்லோரும் ஹோட்டலையும் சேர்த்துத்தான் பாறையைப் பார்க்க வேண்டியிருக்கும். இரவில் நூற்றைம்பது அறைகளின் விளக்கு, பகலில் பேருந்துகள், ஜெனரேட்டர் சத்தம். மேலே ஏறிக் காசியப்பனின் நீர்த்தோட்டங்களைப் பார்ப்பவரின் கண்ணில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் படும். தள்ளி வந்ததால் கணக்கு தலைகீழானது. சுற்றியுள்ள நிலத்திலிருந்து சுமார் 200 மீட்டர் எழுகிற அந்தப் பாறை, பத்து கிலோமீட்டர் தூரத்தில் நீட்டிய கையின் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும். ஆனால் அந்த நகத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவே ஒரு குளம், ஒரு காடு, மேகத்தின் நிழல், காலையில் பனிமூட்டம் எல்லாம் வந்துவிட்டன. அடிவாரத்தில் பாறை மட்டும்தான் கிடைத்திருக்கும்.

இந்தப் பார்வை அவருக்குப் புதிதல்ல. பெந்தோட்டை அருகே லுனுகங்க என்ற ரப்பர் தோட்டத்தை 1948 வாக்கில் வாங்கி, சாகும் வரை அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். அங்கே வீட்டிலிருந்து பார்த்தால் தோட்டத்துக்கு வெளியே, தொலைவில் ஒரு குன்றின் மேல் உள்ள வெள்ளைத் தூபி தெரியும். தோட்டம் அதுவரைக்கும் நீண்டு கிடப்பதுபோல ஒரு மயக்கம். நடுவே ஊர்ச் சாலை ஒன்று குறுக்கே போகிறது. அது பள்ளத்தில் இருப்பதால் கண்ணில் படாது. அப்புறம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காட்சி கிடைப்பதற்காக வழியில் நின்ற மேட்டையே வெட்டித் தாழ்த்தியவர் அவர். இயற்கையைத் தொடாமல் விட்டவர் என்று பாவாவை நினைத்துக்கொள்பவர்களுக்கு இது கொஞ்சம் இடிக்கும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அந்தந்த இடத்தில் நின்று முடிவெடுத்தவர் என்று சொல்வதே பொருந்தும். லுனுகங்கவில் மேட்டை வெட்டினார். கண்டலமவில் பாறைக்கு ஏற்றபடி கட்டடத்தை வளைத்தார்.

ஹோட்டலுக்குள் நுழைகிற விதத்திலும் அதே புத்தி தெரியும். பெரிய ஹோட்டல்களின் வழக்கம் நமக்குத் தெரிந்ததே: வாயிலிலேயே முகப்பைக் காட்டிவிட வேண்டும். கண்டலமவுக்கு முகப்பே கிடையாது. குளத்துக்கு எதிர்ப்புறமாக, காட்டு வழியாகச் சாலை வருகிறது. பாறையும் மரமும் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. பிறகு நீண்ட சரிவுப் பாதை ஒன்று மேலேறி, குகை வாய் போன்ற ஒரு தாழ்வாரத்தில் கொண்டு விடும். அதைத் தாண்டினால் பாறையை ஒட்டி வளைந்து செல்கிற, வெளிச்சம் குறைந்த நடை. ஒரு பக்கம் கட்டியது, ஒரு பக்கம் ஆதியிலிருந்தே கிடப்பது. பாறையை மறைக்கவோ, வெட்டிச் சீராக்கவோ, வார்னிஷ் பூசவோ இல்லை. திருப்பத்தில் சட்டென்று வெளிச்சம். முன்னால் நீச்சல் குளம், அதன் விளிம்புக்கு அப்பால் கண்டலம குளம், அதற்கும் அப்பால் அந்தக் கட்டைவிரல் நகம்.

தம்புள்ளை குகைக் கோயிலுக்குப் போயிருப்பவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த அனுபவமாகத் தோன்றும். அங்கேயும் வெயிலில் ஏறி, இருட்டுக்குள் நுழைந்து, திரும்பி வெளியே வரும்போது கீழே சமவெளி விரியும். ஹோட்டலின் இரண்டு சிறகுகளுக்கும் ‘சிகிரியா’, ‘தம்புள்ளை’ என்றுதான் பெயர். பெயர் வைப்பது சுலபம். நடந்து வருகிற வழியிலேயே அந்த இடங்களின் நினைவை வைப்பது அவ்வளவு சுலபமில்லை.

இனி மழைக்கு வருவோம். கண்டலமவில் எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர் போகும் வழிக்கு அவர்கள் கொடுத்த மரியாதை.

இலங்கையின் உலர் வலயம் என்பது ஆண்டுக்கு 1750 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் பகுதி. குறைவு என்றாலும் அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான சில மாதங்களில் கொட்டிவிடும். மண் அடர்த்தியில்லாத பாறைச் சரிவில் அந்த மழை நின்று ஊறாது, வழிந்து ஓடும். அந்த ஓட்டத்தின் நடுவே ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் குறுக்குச் சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும், ஈரம் உள்ளே ஏறும். சுவருக்குக் கீழே இருக்கும் மரங்களுக்குத் தண்ணீர் போகாது. கட்டடமும் கெடும், காடும் கெடும்.

எனக்கு இது படித்துத் தெரிந்த பாடம் மட்டுமல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையூரில் நான் தங்கிய விடுதியில், சரிவில் இருந்த சிற்றோடையைக் குழாய்க்குள் அடைத்து, மேலே தளம் போட்டுக் கார் நிறுத்துமிடமாக்கியிருந்தார்கள். அறைச் சுவரில் மூங்கில், மேஜையில் மண்குவளை, தலையணை மேல் ‘இயற்கையைக் காப்போம்’ அட்டை. இரவு ஒரே மழை. காலையில் இறங்கி வந்தால் வரவேற்பறையில் கணுக்கால் அளவு செந்தண்ணீர், மூங்கில் நாற்காலிகள் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தன. ஓடை தன் வழியைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது.

கண்டலமவில் கட்டடம் பாறை மேல் உட்காரவில்லை, தூண்களில் ஏறி நிற்கிறது. பாறைக்கும் கட்டடத்துக்கும் நடுவே இடைவெளி. மேலேயிருந்து வழியும் மழை அடியில் புகுந்து காட்டுக்கும் குளத்துக்கும் போகிறது. பல்லியும் பாம்பும் கீரியும் அதே வழியாகப் போய் வரும். அறைகளுக்குப் போகும் நடைகள் பாறைப் பக்கமாகத் திறந்தே இருப்பதால், மழை நாளில் அறைக்கு நடப்பவர் கைக்கெட்டும் தூரத்தில் பாறையில் நீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். காற்றும் அந்த இடைவெளியில் ஓடுவதால் நடைகளுக்குக் குளிர்சாதனம் தேவைப்படவில்லை.

பாறையில் தங்குவதென்றால் முதலில் மழைநீரைச் சமாளிக்க வேண்டும் என்பது அந்த மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய அறிவு. தம்புள்ளை உள்ளிட்ட இலங்கையின் பழைய துறவிக் குகைகளில், முகப்புப் பாறையின் நெற்றியில் புருவம்போல ஒரு காடி வெட்டியிருக்கும். மேலேயிருந்து வழியும் நீர் அந்த விளிம்பில் முறிந்து வெளியே சொட்டிவிடும், குகைக்குள் வராது. மதுரையைச் சுற்றிய மாங்குளம், அரிட்டாபட்டி போன்ற குன்றுகளில் சமணர் தங்கிய குகைத்தளங்களுக்குப் போனவர்கள் இதே காடியைப் பார்த்திருப்பார்கள். தமிழி எழுத்துகள் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் இருக்கும். பாவா அந்தக் காடியை நகல் எடுக்கவில்லை. நீரை மறிக்காமல் விலக்கி விடு என்ற அதே யோசனையைக் கான்கிரீட்டில் செய்தார்.

பச்சை விஷயத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. கட்டடத்தின் வெளிப்புறம் முழுக்க மரச் சட்டங்களால் ஆன ஒரு இரண்டாம் தோல் இருக்கிறது. முதல் வேலை வெயிலை மறைப்பது, இரண்டாவது கொடிகளுக்குப் பந்தலாவது. மொட்டைமாடிகளிலும் செடிகள், அவை விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்குகின்றன. 1994-இல் ஹோட்டல் திறந்தபோது இந்த அடர்த்தி இல்லை. அன்றைக்கு வந்தவர்கள் பார்த்தது வெறும் சட்டகத்தைத்தான். இன்று நாம் படங்களில் பார்ப்பது ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது. தோட்டக்காரர்கள் விடாமல் வெட்டியும் கட்டியும் வைத்திருப்பது. விட்டால் கொடி ஜன்னலை மூடிவிடும், வேர் மூட்டுகளில் புகுந்துவிடும். கட்டடம் முடிந்த நாளில்தான் அழகின் உச்சம் என்று நினைக்கும் முதலாளியிடம் இப்படி ஒரு வடிவத்தை விற்பது கடினம். எய்ட்கன் ஸ்பென்ஸ் காத்திருக்கச் சம்மதித்தது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

காடு நெருங்கி வந்தால் காட்டிலிருப்பவர்களும் வருவார்கள். பால்கனிக் கம்பியில் குரங்கு வந்து உட்காரும். கதவைத் திறந்து போட்டுவிட்டுக் குளிக்கப் போனால் பழத்தட்டு காலி. கதவைச் சாத்தி வையுங்கள் என்று விருந்தினருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். உள்ளே படிக்கட்டின் மேல் சிறகு விரித்துப் பாயும் பிரம்மாண்டமான ஆந்தை ஒன்று உண்டு, லக்கி சேனநாயக்கவின் சிற்பம். அதுவும் அங்கே குடிவந்த விலங்குகளில் ஒன்று போலத்தான் தோன்றுகிறது.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, இந்தக் கதையில் பலர் ஒரே வரியில் தாண்டிப்போகும் பகுதிக்கு வர வேண்டும். இந்த ஹோட்டலை அந்த ஊர் கைதட்டி வரவேற்கவில்லை. 1992-இல் பெரிய எதிர்ப்பு எழுந்தது. கிராமத்தவர்கள், பிக்குகள், சூழலியல் ஆர்வலர்கள் என்று பலதரப்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். குளத்தில் கழிவு கலக்கும், காடு போகும், புனிதத் தலமான தம்புள்ளைக்குப் பக்கத்தில் மதுவும் கூத்தும் வரும் என்பவை அவர்களின் கவலைகள். அரசாங்கம் திட்டத்தின் பக்கம் நின்றது, கட்டடம் எழுந்தது.

வெளியூர்க்காரருக்கு இது வழக்கமான ‘வளர்ச்சி எதிர்ப்பு’ போலத் தெரியலாம். ஆனால் இலங்கையில் குளம் என்று சொல்வது நம்மூர் ஏரியை. ஒரு ஏரி கலிங்கு வழிந்தால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் என்று நம் பக்கம் ஏரிகள் கோத்திருப்பதைப் போலத்தான் அங்கும், மேல் குளத்தின் கசிவும் வடிகாலும் கீழ்க் குளத்துக்குப் போகும். இந்தக் குள அடுக்கு முறையை 2017-இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு உலக முக்கியத்துவம் உள்ள வேளாண் பாரம்பரியமாக அறிவித்தது. அந்த முறையில் குளத்தின் தலைப்பக்கம், தண்ணீர் வந்து சேரும் ஓரத்தில், ‘கஸ்கொம்மன’ என்று ஒரு மரக்கூட்டத்தை வெட்டாமல் விடுவார்கள். அது காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைக்கும், வரும் நீரின் வண்டலை வடிகட்டும். கரைக்குக் கீழே, வயலுக்கு முன்னால் ‘கட்டகடுவ’ என்று இன்னொரு பட்டை. கசியும் நீரின் உப்பை அது பிடித்துக்கொள்ளும். குளத்தை ஒட்டிய காடு அந்த விவசாயிக்கு வெறும் காட்சி அல்ல, குளத்தின் ஓர் உறுப்பு. அந்த ஓரத்தில் நூற்றைம்பது கழிப்பறைகள் வரப்போகின்றன என்று கேள்விப்பட்டால் எந்த ஆயக்கட்டுக்காரன் சும்மா இருப்பான்?

பாவாவின் வரைபடத்தில் இதற்குப் பாதிப் பதில்தான் இருந்தது. மழைநீர் தடையில்லாமல் போகும், சரி. சலவை நீரும் சமையலறை நீரும்? அதற்குப் பதில் சொல்ல வேண்டியது சுத்திகரிப்பு நிலையமும், அதைத் தினமும் ஓட்டுகிற ஆட்களும். ஹோட்டல் அதைச் செய்தது. கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள், குப்பையைப் பிரிக்கத் தனி இடம் வைத்திருக்கிறார்கள். 2000-இல் அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் ‘லீட்’ சான்றிதழும் கிடைத்தது. அமெரிக்காவுக்கு வெளியே அதைப் பெற்ற முதல் ஹோட்டல் இது. எதிர்ப்பு எழாமல் இருந்திருந்தால் இந்த அக்கறை இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு கவனமாக வந்திருக்குமா என்பது என் சந்தேகம். ஹோட்டலின் பசுமைப் பெயரில் அன்று கூடி நின்று சத்தம் போட்டவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை எந்த விளம்பரப் பிரசுரமும் சொல்வதில்லை.

‘நிலத்தோடு பொருந்துவது’ என்ற பேச்சில் இரண்டு விஷயங்கள் எப்போதும் குழம்பிக்கொள்கின்றன. ஒன்று கண்ணுக்குப் பொருந்துவது. இன்னொன்று அந்த நிலத்தின் தண்ணீருக்கும் மண்ணுக்கும் அதைச் சார்ந்து வாழ்பவர்களுக்கும் பொருந்துவது. முதலாவதில் கண்டலமவுக்கு நிகர் குறைவு. இரண்டாவதில் அது தொடர்ந்து தேர்வெழுதிக்கொண்டிருக்கிறது. பம்ப் ஒரு வாரம் நின்றால் மதிப்பெண் போய்விடும். கண்டலமவைப் பார்த்துவிட்டு வந்து மற்ற ஊர்களில் பாறையோரம் கட்டியவர்களில் பலர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கொடி படர்ந்த கான்கிரீட்டும் விளிம்பில்லா நீச்சல் குளமும் கிடைத்தன. இடத்தை மறுக்கிற துணிச்சலும், அடியில் தண்ணீருக்கு விட்ட வழியும் படத்தில் தெரியாது என்பதால் விடுபட்டுப் போயின.

அந்த நீச்சல் குளத்தைப் பற்றி ஒன்று. அதன் வெளிவிளிம்பு கண்ணுக்குத் தெரியாதபடி நீர் தளும்பி நிற்கும். மழைக்காலம் முடிந்து பெரிய குளம் நிறைந்திருக்கும்போது இரண்டு தண்ணீரும் ஒரே தண்ணீராகத் தெரியும். உலகம் முழுக்கச் சுற்றுகிற புகைப்படம் அதுதான். ஆகஸ்ட், செப்டம்பரில் வயலுக்குத் திறந்துவிட்ட பிறகு பெரிய குளம் உள்வாங்கிவிடும். விளிம்பு தளும்பும் நீலத்துக்கும் தொலைவில் ஒதுங்கிய சாம்பல் நிறத் தண்ணீருக்கும் நடுவே அகலமாக ஒரு பட்டை வெளியே வரும். வெடித்த சேறு, புதிதாக முளைத்த புல், அதில் மேயும் மாடுகள்.